தாங்குகட்டை இயல்

குழலின் உட்சுவரில் புரிபோல் முறுக்கிச் செல்லும் பள்ளங்களை வெட்டி, அவற்றின் வழியே விரையும் குண்டுக்குத் தற்சுழற்சி ஊட்டும் படைக்கலம் புரிதுமுக்கி எனப்படும். ஆங்கிலம் அதனை ரைபிள் என்னும். தமிழ்நாட்டில் வழங்கும் துப்பாக்கியும் ஈழத்தார் வழங்கும் துவக்கும் துருக்கிய வேரிலிருந்து கிளைத்து வந்து நம் நாவில் குடியேறிய சொற்கள். குடியேறியவற்றை விரட்டும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும் துப்பாக்கி என்னும் சொல் புரியுள்ளதையும் புரியில்லாததையும் ஒருங்கே சுட்டும். புரிதுமுக்கி என்னும் சொல்லோ பொருளின் உள்ளமைப்பையே பெயரில் ஏந்தி நிற்கும். இப்படைக்கலத்தின் எஃகு உறுப்புகளைத் தன்னுள் அடக்கி, சுடுவோரின் தோளுக்கும் கன்னத்துக்கும் கைக்கும் பொருந்துமாறு செதுக்கப்பெறும் மரப்பகுதியைத் தாங்குகட்டை என்று இக்கட்டுரை அழைக்கும். எஃகைப் பிசகாமல் தாங்குவதும் மெய்யோடு பொருந்துவதும் ஆகிய இரண்டே அதன் தொழில்கள். இரண்டில் பின்னது எளிது, முன்னதே அறிவியல்.

கட்டையின் உறுப்புகள் நான்கு. தோளில் பதியும் பின்பகுதி தோள்கட்டை. அதன் மேல்விளிம்பில் கன்னம் சாயும் இடம் கன்னமேடு. சுடும் கை பற்றும் ஒடுங்கிய இடம் கழுத்து. குழலின் கீழே நீண்டு மற்றைக் கையில் அமர்வது முன்கட்டை. அளவுகளும் நான்கே. சுடுவிசையிலிருந்து தோள்கட்டையின் முடிவு வரையுள்ள தொலைவு இழுநீளம். குறிக்கோட்டிலிருந்து கட்டையின் மேல்விளிம்பு இறங்கும் அளவு தாழ்வு. பக்கவாட்டில் அது விலகும் அளவு ஒதுக்கம். தோளில் பதியும் முகப்பின் சரிவு சாய்வு. ஆலையில் செய்து வரும் கட்டைகளில் இழுநீளம் பெரும்பாலும் 343 மில்லிமீட்டரை, அதாவது பதின்மூன்றரை அங்குலத்தை, ஒட்டியே இருக்கும். நெடிய கையினருக்கு அது குட்டை. சிறிய உடலினருக்கு அது நீட்டம். வலத்தோளில் வைத்துச் சுடுபவருக்குக் கட்டை வலப்புறம் மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தால், தலையைச் சாய்த்துத் தேடாமலே கண் குறிக்கோட்டில் வந்து அமரும். தொலைநோக்கிக் குறி பொருத்தினால் கண் உயர வேண்டும். கன்னமேடும் உடன் உயர வேண்டும். இந்தச் சிற்றளவுகளுக்காகவே ஒருவர் தம் வீட்டுப் பட்டறையில் ஒரு கட்டையைத் தொடக்கத்திலிருந்து செதுக்கப் புகுகிறார்.

படைக்குச் செய்யும் கட்டை ஆளைப் பார்த்துச் செய்யப்படுவதன்று. மசாச்சுசெட்சு மாநிலத்து மில்பரி என்னும் ஊரில் தாமசு பிளாஞ்சார்டு 1819-இல் ஒரு படியெடு கடைசற்பொறியை ஆக்கினார். மாதிரிக் கட்டை ஒன்றின் மேனியைத் தடவிச் செல்லும் உருளை மேடுபள்ளங்களில் ஏறியிறங்க, அதே ஏற்ற இறக்கத்தை வெட்டுருளை பக்கத்திலுள்ள செதுக்காத கட்டையில் செதுக்கிவிடும். வட்டமானதை மட்டுமே கடையும் பொறி, வட்டமே இல்லாத வடிவத்தைக் கடைந்தது. இசுபிரிங்குபீல்டு அரசுப் படைக்கலச்சாலை அதனை ஏற்றது. 1850-களில் இங்கிலாந்தின் என்பீல்டு படைக்கலச்சாலையும் அமெரிக்கப் பொறிகளை வரவழைத்தது. அன்றுமுதல் கட்டைகள் ஒன்றுபோல் ஒன்றாயின. ஒன்றுபோல் இல்லாதவர் சுடுவோரே. இரண்டாம் உலகப்போருக்குப் பின், மவுசர் 98, அமெரிக்க 1903 போன்ற படைத்துமுக்கிகள் மிகுசரக்காகி மலிவாய் விற்றபோது, அமெரிக்க வேட்டைக்காரர் பலர் அவற்றின் பருத்த கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தமக்கேற்ற கட்டையைத் தாமே செதுக்கலாயினர். மிசௌரி மாநிலத்து வார்சா என்னும் சிற்றூரிலிருந்த பிசப், ஃபாயென் என்னும் இரு நிறுவனங்கள் பாதி செதுக்கிய கட்டைகளை விற்று அவர்களுக்குத் துணைநின்றன.

இனி மரத்தின் இயல்பு. அகத்தே காழுடையது மரம், புறத்தே காழுடையது புல் என்று பகுத்தது தொல்காப்பிய மரபியல். தச்சர் வைரம் என்று சொல்லும் அந்த அகக்காழே கட்டைக்கு உரியது. அதைச் சூழ்ந்த வெளிறு நிறம் குன்றியது. வைரமேயாயினும் மரம் மூன்று திசைகளில் மூன்று விதமாக நடந்துகொள்ளும் பொருள் என்பதை முதலில் உணர வேண்டும். நெடுக்கே ஓடுவது இழைத்திசை. நெஞ்சிலிருந்து பட்டை நோக்கிச் செல்வது ஆரத்திசை. ஆண்டு வளையத்தை ஒட்டிச் செல்வது வளையத்திசை. மரத்தின் ஒவ்வொரு கண்ணறைச் சுவரும் நுண்ணிழைகளால் நெய்யப்பட்டது. அந்நுண்ணிழைகள் பெரும்பாலும் நெடுக்கே கிடக்கின்றன. காற்றின் ஈரம் அவற்றின் இடையே புகுந்து ஒன்றையொன்று விலக்கித் தள்ளும்போது மரம் பக்கவாட்டில் பருக்கிறது. நீளமோ ஏறத்தாழ மாறாது நிற்கிறது. ஆரத்திசையில் ஓடும் கதிரிழைகள் அத்திசையின் வீக்கத்தைச் சற்றே கட்டுப்படுத்துவதால் வளையத்திசை வீக்கமே தலைமை பெறுகிறது. அடைமழை நாட்களில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், கதவின் உயரம் மட்டும் கூடாதிருப்பதும் இந்நெறியாலேயே.

அளவில் சொன்னால் இது தெளிவாகும். அமெரிக்கக் கரு அக்ரூட் மரம் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும் வரை ஆரத்திசையில் 5.5 விழுக்காடும் வளையத்திசையில் 7.8 விழுக்காடும் சுருங்கும். நெடுக்கே சுருங்குவது 0.1 முதல் 0.2 விழுக்காடு மட்டுமே. அமெரிக்கப் பீச்சு மரமும் ஆரத்திசையில் அதே 5.5 தான், ஆனால் வளையத்திசையில் 11.9. இரு திசைகளின் சுருக்கமும் எவ்வளவு நெருங்கியுள்ளனவோ அவ்வளவு குறைவாகக் கட்டை முறுகும். அக்ரூட்டின் பெருமை அதன் நிறத்திலும் வரியிலும் இருப்பதாகப் பலர் எண்ணுவர். என் கணிப்பில் அது இவ்விரு எண்களின் நெருக்கத்தில் இருக்கிறது.

காற்றின் ஈரத்தோடு மரத்தின் ஈரம் ஒத்துப்போய் நிற்கும் நிலையை ஈர ஒப்புநிலை என்போம். அறை வெப்பத்தில் காற்றீரம் 30 விழுக்காடாயின் மரத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு ஈரம் நிற்கும். காற்றீரம் 65 ஆயின் 12 நிற்கும். அடுப்பெரியும் பனிக்கால வீட்டுக்கும் கோடைக்கால வெளிக்கும் இடையே இவ்வளவு மாற்றம் எளிதில் நேரும். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள அக்ரூட் முன்கட்டை வளையத்திசையில் அறுபட்டதாயின், இம்மாற்றத்தால் அது 0.7 மில்லிமீட்டர் அகலும். பீச்சாயின் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். முக்கால் மில்லிமீட்டர் என்பது தச்சருக்குப் பொருட்டன்று. ஆனால் குழலின் பக்கத்தை மரம் தொட்டு அழுத்துமாயின், சுடுகையில் அதிரும் குழலின் அதிர்வு மாறும். நேற்று ஓரிடத்தில் பதிந்த குண்டு இன்று வேறோரிடத்தில் பதியும்.

ஆகவே பலகை பார்த்து வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் அறுப்பு முனை. வளையக் கோடுகள் அம்முனையில் செங்குத்தாகவோ கிடையாகவோ சீராக ஓடினால் கட்டை இரு புறமும் ஒப்ப அசையும். மூலைக்கு மூலை சரிந்து ஓடினால் அது ஒருபுறம் சாயும். அடுத்துக் கழுத்து. ஏறத்தாழ பத்து கிராம் குண்டு நொடிக்கு 850 மீட்டர் விரைவில் வெளியேறுகையில், அதனோடு சீறும் வளிமத்தின் உந்தமும் சேர, நான்கு கிலோ எடையுள்ள துமுக்கி நொடிக்கு மூன்று மீட்டர் விரைவில் பின்னே பாயும். அந்தப் பின்னுதைப்பு முழுதும் கட்டையின் மிக ஒடுங்கிய இடமாகிய கழுத்தின் வழியேதான் தோளை அடைகிறது. மரம் இழைக்கு நெடுக்கே வலிது; இழைக்குக் குறுக்கே இழுபட்டால் எளிதில் பிளக்கும். கழுத்தின் வளைவோடு இழையும் வளைந்து ஓடுமாறு பலகையில் வடிவத்தகட்டை வைத்து வரைய வேண்டும். நெளிவரிகள் விளங்கும் அழகிய பகுதி தோள்கட்டையில் விழட்டும். கழுத்திலும் முன்கட்டையிலும் நெளிவற்ற இழையே நிற்கட்டும். அழகுக்காகக் கழுத்தில் நெளிவரியை வைத்தவரின் கட்டை முதல் வீழ்ச்சியிலேயே இரண்டாகும்.

தேர்ந்த பலகை நன்கு உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். காற்றில் உலர்த்துவோர் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்று கணக்கிடுவர். இரண்டரை அங்குலக் கட்டைக்கு இரண்டரை ஆண்டு. முனைகளில் மெழுகு பூசாவிட்டால், ஈரம் அங்கே முந்தி வெளியேறி வெடிப்பு விழும்.

குடைவே இத்தொழிலின் உச்சம். குழலின் பின்முனை பூட்டப்பெறும் எஃகுக் கூட்டின் உருவை மரத்தில் பள்ளமாக வெட்டி அதில் எஃகை அமர்த்துவதைப் பதிகுடைவு எனலாம். வேலை தொடங்குமுன் துமுக்கியில் குண்டில்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்க. திருகாணித் துளைகளில் இரு நெடிய வழிகாட்டு ஊசிகளைப் பூட்டினால் கூடு ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் இறங்கும். பருவெட்டு முடிந்தபின், விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து எஃகின் அடியில் மெல்லியதாகப் பூசி, பள்ளத்தில் இறக்கி, மரக்கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டி, நேராகத் தூக்க வேண்டும். எங்கே மரம் தடுத்ததோ அங்கே ஒரு கரும்புள்ளி இருக்கும். அப்புள்ளியை மட்டும் உளியின் முனையால் சீவ வேண்டும். பக்கத்து மரத்தைத் தொடலாகாது. மீண்டும் இறக்குக, தட்டுக, தூக்குக. முதலில் மூன்று புள்ளிகள் தெரியும்; பின் பத்து; பின் நாற்பது. புள்ளிகள் பெருகப் பெருக வேலை முடிவை நெருங்குகிறது என்பது பழகாதவருக்கு வியப்பாக இருக்கும். நூறு முறை இறக்கித் தூக்கியபின் அடிமுழுதும் சீராகக் கருமை படியும். பொறுமையிழந்து ஒரு முறை ஆழச் சீவினால் அங்கே எஃகு அந்தரத்தில் நிற்கும்.

எல்லா இடமும் தொட வேண்டும் என்பதும் இல்லை. கூட்டின் அடியில் குறுக்கே நிற்கும் உதைதாங்கி என்னும் முனைப்பின் பின்முகம் மரத்தோடு முழுமையாகப் பொருந்த வேண்டும். ஏனெனில் பின்னுதைப்பை மரத்துக்குக் கடத்துவது அதுவே. அதன் முன்னும் பக்கங்களிலும் கீழும் தாள் தடிப்பளவு இடைவெளி வேண்டும். கூட்டின் வால்முனைக்குப் பின்னே அரை மில்லிமீட்டர் விடாவிட்டால், ஒவ்வொரு சூட்டிலும் அவ்வால் ஆப்புப்போல் இறங்கிக் கழுத்தைப் பிளக்கும். முடுக்கிய திருகாணிகளின் கீழே மரம் நசுங்குவதைத் தடுக்க எஃகுத் தூண்களைப் பதித்து, கூடு அமரும் படுகையில் இருகூட்டுப் பிசின் வார்ப்பது இக்காலத்தார் முறை. பிசின் மரத்தைப்போல் ஈரத்துக்கு அசையாது. பழமை விரும்புவோர் இதனை இகழ்வர், நான் இகழேன்.

புறமேனியை மர அரத்தால் வடித்து, சுரண்டு தகட்டால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் (உப்புக்கும் அத்தாளுக்கும் உறவில்லை, பெயர் நிலைத்துவிட்டது). பின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், அமுங்கிக் கிடந்த இழைமுனைகள் மீசைபோல் எழுந்து நிற்கும். அவற்றை மழித்துவிட்டு மீண்டும் நனைக்க வேண்டும். எழுவது நின்றபின்னரே எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் உலர்கிறது என்பது வழக்கு. உண்மையில் அது ஆவியாவதில்லை. உயிர்வளியை உண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இறுகுகிறது. அப்பிணைப்பில் வெப்பம் பிறக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தால் அது தானே தீப்பற்றக்கூடும். நீரில் அமிழ்த்துக அல்லது விரித்து உலர்த்துக. இவ்வெண்ணெய் ஈரத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. ஆதலால் குடைவின் உட்புறத்தையும் தோள்தகட்டின் கீழுள்ள அறுப்புமுனையையும் நீர்புகாப் பூச்சால் அடைப்பது மேனியின் மினுக்கத்தைவிட முதன்மையானது.

ஒட்டுமொத்தப் பொருத்தத்தையும் இரண்டு ஆய்வுகளால் அறியலாம். குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே ஒரு தாள்துண்டைச் செருகிக் கூடுவரை இழுக்க, அது எங்கும் சிக்காமல் ஓட வேண்டும். பின் துமுக்கியை நிமிர்த்தி, முன்கட்டையின் நுனியில் அளவுமானியைப் பூட்டி, அதன் முள் குழலைத் தொடுமாறு வைத்து, முன் திருகாணியை மெல்லத் தளர்த்துக. படுகையில் எங்கேனும் இறுக்கத்தால் எஃகு வளைந்திருந்தால், தளரும்போது அது நிமிரும். முள் அதனைச் சொல்லும். 0.05 மில்லிமீட்டருக்குள் முள் நின்றால் கட்டை அமைந்தது. மீறினால், மீண்டும் புகைக்கரிக் கிண்ணம்.