தடுப்புச் சுவரை மறைக்க எந்தச் செடி? கேமரன் மலை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கேமரன் மலைக்கு வருபவர்கள் படம் எடுத்துச் செல்வது தேயிலைச் சரிவுகளைத்தான். அங்கேயே குடியிருப்பவர்களின் கண்ணில் தினமும் படுவது வேறு. வீட்டுக்குப் பின்னால் பாசி படிந்த சிமெண்டுச் சுவர், பக்கத்தில் தகர வேலி, முன்னால் கால்வாய். சரிவை வெட்டித்தான் இங்கு பெரும்பாலும் வீடு கட்ட வேண்டியிருக்கிறது. அதனால் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என எங்கு போனாலும், தோட்ட வீடானாலும் பட்டணத்து வீடானாலும், தடுப்புச் சுவரைப் பார்க்கலாம். அதன் கடுமையைக் குறைக்க உயரமான செடிகளை வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் மலையில் எதை நடுகிறோம் என்பதைவிட எங்கே நடுகிறோம் என்பதே முக்கியம்.

காரணம் தண்ணீர். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. சுவருக்குப் பின்னால் உள்ள மண் ஊறிக் கனத்து, சுவரை முன்னால் தள்ளப் பார்க்கும். அந்த நீர் வடிவதற்காகத்தான் சுவரில் ஆங்காங்கே துளைகளோ சிறு குழாய்களோ விட்டிருப்பார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அவற்றின் மீதே மண்ணைக் குவித்துச் செடி நடுபவர்கள் உண்டு. அழகுக்காகச் செய்யும் இந்த வேலை சுவருக்கே ஆபத்தாக முடியலாம்.

சுவருக்கும் செடிக்கும் நடுவே இரண்டு அடியாவது இடைவெளி வேண்டும். ஓர் ஆள் புகுந்து துளைகளைச் சுத்தம் செய்யவும், புதிய விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் அந்த இடம் உதவும். சுவரின் மேல் விளிம்பில் பெரிய மரம் கூடவே கூடாது. காற்றில் மரம் ஆடும்போது மண் தளர்கிறது, மரத்தின் பாரமும் சுவர்மேல் இறங்குகிறது. சுவர் வயிறு தள்ளினாலோ, துளையிலிருந்து கலங்கிய சேற்று நீர் வந்தாலோ, வழக்கமாக நீர் வடியும் துளை மழைக் காலத்திலும் காய்ந்து கிடந்தாலோ தோட்ட அலுவலகத்திலோ மாவட்ட மன்றத்திலோ உடனே சொல்லிவிட வேண்டும். அங்கே செடி வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சுண்ணாம்பு. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குப் போதும். புதிதாகக் கட்டிய சிமெண்டுச் சுவரிலிருந்து மழையில் சுண்ணாம்பு கரைந்து, சுவரோர மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடுகிறது. மலையில் எங்கும் காணப்படும் ஹைட்ரேஞ்சியா பூவே இதற்குச் சாட்சி. புளிப்பு மண்ணில் நீலமாகப் பூக்கும் அதே செடி, சுவரோரத்தில் இளஞ்சிவப்பாக மாறக்கூடும். நோய் என்று பயந்து மருந்தடிக்க வேண்டியதில்லை. ஆறடிச் சுவருக்கு முன்னால் நாலடி உயரத்தில் நிற்கும் ஹைட்ரேஞ்சியா புதர் பொருத்தமாகவே இருக்கும். சுவரை முழுக்க மூட வேண்டும் என்பதும் இல்லை, அதன் நேர்க்கோடு அங்கங்கே உடைந்தாலே போதும். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வரிசை கட்டி நட்டால் அது இன்னொரு சுவராகிவிடும்.

தகர வேலியை மறைக்க மரத்தக்காளி நல்லது. பத்தடி வரை வளரும், பழமும் கிடைக்கும். கிளைகள் சுலபத்தில் முறியும் என்பதால் காற்று அதிகம் வீசும் இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். கல்வாழையும் நன்றாக வரும். எக்காளம்போல் தலைகீழாகத் தொங்கும் பெரிய பூக்களைக் கொண்ட செடியைப் பலர் அழகுக்காக வளர்க்கிறார்கள். அது ஊமத்தைக்கு உறவு. இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம்.

சுவரே இல்லாத மண்சரிவுக்கு நம் வீட்டுச் சொந்தமான வெட்டிவேர் இருக்கிறது. உலகம் இன்று அதை ‘வெட்டிவர்’ என்று அழைப்பதும் தமிழிலிருந்து போன பெயரால்தான். ஆளுயரத்துக்கும் மேல் புல் வளரும். வேரோ பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேராகக் கீழே இறங்கி, நல்ல மண்ணில் மூன்று மீட்டர் ஆழம் வரை போகும். மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பி.கே. யூன் 1990-களின் தொடக்கத்தில் இதை நட்டு ஆராய்ந்திருக்கிறார். சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரை அடிக்கும் குறைவான இடைவெளியில் நாற்றுகளை வரிசையாக நட வேண்டும். மேலிருந்து கீழாக நட்டால் பயனில்லை. வெயில் படாத இடத்தில் இது தேறாது, மலைக் குளிரில் வளர்ச்சியும் சற்று மெதுவாகத்தான் இருக்கும். ஏற்கெனவே சரியத் தொடங்கிவிட்ட மண்ணை இது மட்டுமே பிடித்து நிறுத்திவிடும் என்று நம்பவும் கூடாது.

தோட்ட வீடுகளில் இருப்பவர்கள் சரிவில் கை வைக்கும் முன் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. நட மண்ணே இல்லாத பட்டணத்து வரிசை வீடுகளில் பெரிய தொட்டிகளில் கல்வாழையோ எலுமிச்சைப் புல்லோ வைத்தாலே சிமெண்டு வாசலின் வெறுமை குறையும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒரு முறையாவது தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும்.