பின்னுதையை வேலை வாங்கிய துப்பாக்கி

கல்வராயன் மலையடிவாரத்தில் வளர்ந்த மாணவ நண்பர்களுக்கு நாட்டுத் துப்பாக்கி புதுமையன்று. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, ரவையை இட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடவேண்டும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சுட்டவுடன் அது தோளில் ஓர் உதை கொடுக்கும். ரவை முன்னே பாய்கிறது. அதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைக் கள்ளக்குறிச்சி வகுப்பறைகளில் இவ்வுதையைக் கொண்டே நான் விளக்கி வந்தேன்.

நாட்டுத் துப்பாக்கியில் வீணாகும் இவ்வுதையை வேலை வாங்க இயலாதா? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் விந்தையான ஒன்று, செருமனியில் மவுசர் தொழிற்சாலையில் பணியாற்றிய பீடர்லே உடன்பிறந்தார் வகுத்த 1896ஆம் ஆண்டுக் கைத்துப்பாக்கி. பெயரென்னவோ முதலாளிக்கே போயிற்று! அதன் கைப்பிடி துடைப்பக் காம்பு போன்றது. தோட்டா அறையோ விசைக்கு முன்னே அமைந்தது. தகட்டில் கோத்த 10 தோட்டாக்கள் மேலிருந்து அதனுள் இறங்கும்.

சுடும்போது குழலின் பின்புறம் இறுக மூடியிருத்தல் வேண்டும். இல்லையேல் வெடித்த வாயு சுடுவோன் முகத்தில் பாயும். ஆயினும், அடுத்த தோட்டா நுழைவதற்கு அதே கதவு திறக்கவும் வேண்டுமே! மவுசரில் அக்கதவு சதுரமான ஓர் எஃகுத் தண்டு. அதன் அடியில் ஒரு சிறு கட்டை, வீட்டுக் கதவின் தாழ்போல, பற்களால் அதனைக் கவ்வி நிற்கும். சுட்டவுடன் குழலும் தண்டும் பூட்டுண்டபடியே சிறிது தூரம் பின்வாங்கும். அதற்குள் குண்டு வெளியேறிவிடும். வாயுவின் வேகமும் தணியும். அப்போது கட்டை கீழிறங்க, தாழ் விலகும். குழல் நின்றுவிடும், தண்டு மட்டும் பின்னோடி, வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, சுத்தியலையும் சாய்த்து வைக்கும். பிறகு சுருள்வில் தண்டை முன்னே தள்ள, அது புதுத் தோட்டாவைக் குழலில் ஏற்றும். இவையெல்லாம் இமைப்பொழுதில்! விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டே பாயும். ஆதலால் இதனை அரைத் தானியங்கி என்பர். கைப்பிடி மரத்தைப் பிடிக்கும் ஒன்றைத் தவிர இதன் பொறியில் திருகாணியே இல்லை. பாகங்கள் ஒன்றையொன்று கவ்வியே நிற்கின்றன. இவ்வேலைப்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இத்தகைய துப்பாக்கிகள் 50 கல்கத்தாவில் ஒரே நாளில் மறைந்தன. 1914 ஆகஸ்டு 26 அன்று, ரோடா என்னும் ஆயுத வணிக நிறுவனத்தின் ஊழியர் சிரீஷ் சந்திர மித்ரா சுங்கச் சாலையில் 202 பெட்டிகளைப் பெற்றார். கிடங்கில் சேர்த்தவை 192. எஞ்சியவற்றைக் கொணர்வதாகச் சொல்லிச் சென்றவர் திரும்பவேயில்லை. அப்பெட்டிகளில் 46,000 தோட்டாக்களும் இருந்தன. ஆயுதங்கள் வங்கப் புரட்சிக் குழுக்களிடம் போய்ச் சேர்ந்தன. 1915 செப்டம்பர் 9 அன்று, பாலேசுவரத்தருகே ஜதீந்திரநாத் முகர்ஜி தோழர் நால்வருடன் பெருங் காவற்படையை எதிர்த்து நின்றது மவுசர்களைக் கொண்டே. அவர் மறுநாள் மாண்டார்.

ரௌலட் குழுவின் 1918ஆம் ஆண்டு அறிக்கை இதன் உறையையும் மறக்கவில்லை. அம்மரப்பெட்டியைக் கைப்பிடியில் மாட்டினால் தோளில் தாங்கிச் சுடலாம், கைத்துப்பாக்கி நீள்துப்பாக்கியாகிவிடும். கொள்ளை, கொலை, அவற்றுக்கான முயற்சிகள் என 54 நிகழ்ச்சிகளில் இவை பயன்பட்டன என்று அவ்வறிக்கை கணக்கிட்டது. அதுவரை அரசு மீட்டவை 31.