முகங்காட்டாத முதலாளி

வேலை கொடுப்பவன் யார் என்பதை மறைத்து வைத்துக்கொண்டு கதையைத் தொடங்குவது மேல்நாட்டுக் கதாசிரியர்களுக்குக் கைவந்த உத்தி. ஆர்தர் கொனன் டொயில் 1891ஆம் ஆண்டில் எழுதிய 'செந்தலையர் சங்கம்' என்னும் கதையில், சிறிய அடகுக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு விசித்திரமான உத்தியோகம் ஒன்று கிடைக்கிறது. நாடோறும் நான்கு மணிநேரம் ஓர் அறையில் அமர்ந்து கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதவேண்டும். சம்பளம் வாரத்துக்கு நான்கு பவுண். காலஞ்சென்ற அமெரிக்கச் செல்வர் ஒருவரின் அறக்கொடை இது என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அப்படியொரு செல்வர் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. அடகுக்கடைக்காரரைச் சில மணிநேரம் கடையிலிருந்து அப்புறப்படுத்தினால், அதன் நிலவறையிலிருந்து அருகிலுள்ள வங்கிக்குச் சுரங்கம் தோண்டலாம் என்பதே திருடரின் எண்ணம். துப்பறிவாளர் வந்து திரையை விலக்குகிறார், கதை முடிகிறது.

செஸ்ற்றற்றன் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வியாழன் எனப்பட்ட மனிதன்' என்னும் நாவல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அதன் கதாநாயகனை இரகசியப் பொலிசில் சேர்த்துக்கொள்பவர் இருள் சூழ்ந்த அறையில் முதுகு காட்டியபடி அமர்ந்திருக்கிறார். குரல் கேட்கிறது, முகம் தெரிவதில்லை. யாரைப் பிடிப்பதற்காக அவன் அனுப்பப்பட்டானோ அந்தச் சதிக்கூட்டத்தின் தலைவரே இருட்டறையில் இருந்தவர் என்பது கடைசியிலேதான் வெளிப்படுகிறது.

இத்தகைய கதைகளில் மறைப்பு என்பது வாசகனிடம் பட்ட கடன் போன்றது. கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் அதை வட்டியுடன் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கொடுக்க மறுத்தவர் பிரான்ஸ் காஃப்கா. அவர் இறந்த பின்னர் 1926இல் வெளிவந்த 'கோட்டை' என்னும் நாவலில், நில அளவையாளன் என்று கூறிக்கொண்டு ஒருவன் ஒரு கிராமத்துக்கு வருகிறான். தன்னை வேலைக்கு அமர்த்தியது மலைமேலுள்ள கோட்டை என்பது அவன் வாதம். அங்கிருந்து அவனுக்குக் கடிதம் வருகிறது. அவன் ஓரடி நிலத்தைக்கூட அளக்காதிருக்க, அளவை வேலை நன்றாக நடைபெறுவதாகப் பாராட்டி இன்னொரு கடிதமும் வருகிறது. கோட்டையை மட்டும் அவன் அடைவதில்லை. நாவலும் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

ஐரோப்பிய விமரிசகர்கள் இந்நாவலைத் தத்துவமென்றும் சமயக் குறியீடென்றும் பலவாறு விளக்கியுள்ளனர். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இறப்பர்ப் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வாழ்ந்துவரும் தமிழ் மக்களின் வரலாற்றை அறிந்தவருக்கு அவ்வளவு நீண்ட விளக்கம் தேவைப்படாது. சப்ரகமுவத் தோட்டங்களில் கோட்டையும் இருந்தது, கடிதமும் வந்தது.

இலங்கைக்கு 1876இல் வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரிக் குன்றுகளிலும் இறப்பர் பரவியது. ஒடுங்கிய களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1903இல் யட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டிற்று. புகையூட்டிய இறப்பர்த் தகடுகளும் தேயிலைப் பெட்டிகளும் அவ்வழியே கொழும்புக்கு இறங்கின. கட்டளைகள் அவ்வழியே மேலேறின.

அக்கட்டளைகளின் ஊற்றைத் தேடிச் சென்றால் ஒரு நீண்ட ஏணி தென்படும். பால் வெட்டுபவருக்கு மேலே கங்காணி. அவருக்கு மேலே கணக்கப்பிள்ளை. அப்பால் சின்னத்துரை, பெரிய துரை. பெரிய துரை வசிக்கும் பங்களாவைத் தோட்டத்தின் உச்சியென்று லயத்துக் குழந்தைகள் நினைத்திருப்பர். உண்மையில் அவரும் ஒரு சம்பளக்காரரே. அவருக்குக் கட்டளையிட்டது கொழும்பிலிருந்த ஏஜன்சி நிறுவனம். அது காலத்துக்குக் காலம் அனுப்பும் விசிட்டிங் ஏஜன்ட் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த ஏஜன்சி நிறுவனமும் முதலாளி அன்று. ஸ்ரேளிங் கம்பனிகள் எனப்பட்டவை பிரித்தானியாவிற் பதிவு செய்யப்பட்டவை. அவற்றின் பணிப்பாளர் சபை கூடியது அங்கே. பங்குகளை வைத்திருந்தோர் பெரும்பாலும் யட்டியாந்தோட்டை எந்தத் திசையில் இருக்கிறதென்று அறியாதவர்கள்.

சப்ரகமுவத் தோட்டங்கள் யாவும் அத்தகையன என்று கொள்ளலாகாது. உள்நாட்டிற் பதிவான ரூபாய்க் கம்பனிகளும் இருந்தன. இலங்கையருக்குச் சொந்தமான, முதலாளியே நேரில் வந்து மரத்தைத் தட்டிப் பார்க்கும் சிறு தோட்டங்களும் இறப்பர்ப் பகுதிகளில் ஏராளம். ஒரே வீதியின் ஒருபுறத்தில் கண்ணுக்குத் தெரியும் முதலாளியும் மறுபுறத்தில் கண்ணுக்குத் தெரியாத முதலாளியும் இருந்த பிரதேசம் அது. எவனிடம் வேலை செய்வது நலம் என்பது தொழிலாளிக்கு எளிய கேள்வியன்று. தெரிகின்ற முதலாளி ஏசுவான்; ஆனால் அவனிடம் கெஞ்சலாம். தெரியாத முதலாளி ஏசுவதில்லை.

காணாமை இரு பக்கத்திலும் இருந்தது என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி. தொழிலாளி முதலாளியைக் கண்டதில்லை; முதலாளியும் தொழிலாளியைக் கண்டதில்லை. அவர் கண்டவை எண்கள். விடியற்காலைப் பிரட்டில் கொடுக்கப்பட்ட பெயர் செக்றோலில் ஒரு கோடாக மாறும். கோடுகளின் கூட்டுத்தொகை மாதக் கணக்காகிக் கொழும்புக்குச் செல்லும். கொழும்பிலிருந்து அது ஓர் இறாத்தல் இறப்பருக்கு இத்தனை சதம் செலவு என்னும் ஒற்றை எண்ணாகக் கடல் கடக்கும். மழை பெய்தால் பால் வெட்ட இயலாது. மரப்பட்டை ஈரமாயிருந்தால் பால் வழிந்து வீணாகும். மழைக்குப் பெயர்பெற்ற இரத்தினபுரியில் அந்த ஈரம் தொழிலாளி வீட்டில் அடுப்பெரியாத நாளாயிற்று. கணக்கேட்டில் அது விளைச்சற் குறைவு.

முகம் தெரியாதவர் ஒருவர் அல்லர். அவருக்கும் அப்பால் சந்தை இருந்தது. இறப்பர் விலை விழுந்தபோது உற்பத்தியைக் குறைப்பதற்காக 1922இல் வகுக்கப்பட்ட ஸ்ரீவன்சன் திட்டம் இலங்கைக்கும் பொருந்திற்று. பின்னர் 1934இல் சர்வதேச இறப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் ஏற்பட்ட பெருமந்தத்தில் வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். எந்த அறையில், எவர் கையொப்பத்தால் தம் பெயர் செக்றோலிலிருந்து நீங்கியது என்பதை அவர்களிடம் எவரும் சொல்லவில்லை.

வேலை தேடிப் புறப்பட்ட நாளிலிருந்தே இம்மறைப்புத் தொடங்கிவிட்டது. திருச்சிராப்பள்ளியிலோ திருநெல்வேலியிலோ சேலத்திலோ ஏழைக் குடியானவன் கண்டது ஆள்கட்டும் கங்காணியை மட்டுமே. முன்பணம் கொடுத்தவர் கங்காணி, பயணச்செலவு செய்தவர் கங்காணி. ஆகவே கடன் கங்காணியிடம் பட்ட கடன் என்றே அவன் எண்ணினான். அம்முன்பணம் பெரும்பாலும் தோட்டத்தின் பணம். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டுமாயின் கடன் தொகையைத் தாங்கிய 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தால்தான் ஆள் விடுபடுவான். காகிதத்தின் ஒருபுறத்தில் தொகை இருந்தது. அத்தொகை எவ்வாறு வளர்ந்ததென்பது அதில் இல்லை. இத்துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

'கம்பனி' என்னும் சொல் தோட்டப் பேச்சில் பெற்ற உருவம் தனியாக ஆராயத்தக்கது. கம்பனி கோபிக்கும், கம்பனி ஒத்துக்கொள்ளாது, கம்பனியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை என்று அது ஓர் ஆளைப்போலவே பேசப்படுகிறது. இப்பேச்சினால் மிகுந்த பயனடைந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தவர்களே. கூரை ஒழுகுகிறது என்று முறையிட்டால் துரை கம்பனியைக் காட்டுவார். பெயர் வெட்டப்பட்டதென்று அழுதால் கங்காணி துரையைக் காட்டுவார். ஒவ்வொருவருக்கும் மேலே விரல் நீட்ட ஒருவர் இருந்தார். கதாசிரியன் தன் உத்தியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே அங்கே இருக்கவில்லை. அது நாடோறும் பிரட்டுக் களத்தில் அரங்கேறிக்கொண்டிருந்தது.

அங்ஙனமாயின் தமிழ்க் கதைகளில் இம்முதலாளி எவ்வாறு தோன்றுகிறார்? பெரும்பாலும் தோன்றுவதேயில்லை. முப்பதுகளில் புதுமைப்பித்தன் எழுதிய 'துன்பக்கேணி'யில், திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துசேரும் மருதியின் வாழ்வு சீரழிகிறது. அவளைச் சீரழிப்பவர்கள் கண்ணெதிரே நிற்கும் மனிதர்கள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டானியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கம் பெற்ற நாவலிலும் மேஸ்திரியும் துரையுமே கொடுமையின் முகங்கள். 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' தொழிற்சங்க முயற்சியைப் பேசுகிறது. வேலை போனால் லயத்துக் காம்பிராவும் போய்விடும் என்னும் தோட்ட வாழ்வின் கொடிய விதியை அதன் தலைப்பே சுமக்கிறது. அவர் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களிலும் துரையும் கங்காணியும் அடிக்கடி வருகின்றனர். தூரத்துப் பணிப்பாளர் சபைக்கு அங்கே இடம் அரிது.

இது எழுத்தாளரின் குறைபாடு என்று சட்டென்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. அடித்த கையைத்தான் அடிபட்டவன் நினைவு வைத்திருப்பான். ஆயினும் இதனால் ஒரு நட்டம் உண்டு. கதையில் கெட்ட கங்காணி தண்டனை பெற்றாலோ நல்ல துரை வந்து சேர்ந்தாலோ வாசகன் மனம் ஆறிவிடுகிறது. செக்றோல் அப்படியே இருக்கிறது. ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் வெளியிட்ட 'கோபத்தின் கனிகள்' என்னும் அமெரிக்க நாவலில் இந்த முட்டுக்கட்டை நேராகவே பேசப்படுகிறது. தன் வீட்டை இடிக்க வந்த உழவு இயந்திரக்காரனைச் சுடப்போவதாகக் குத்தகைக் குடியானவன் சொல்கிறான். தனக்குக் கட்டளையிட்டவன் வேறொருவன், அவனுக்குக் கட்டளையிட்டது வங்கி, வங்கிக்கும் கிழக்கிலிருந்து உத்தரவு வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போகிறான் மற்றவன். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு எவரை நோக்கி அதைத் திருப்புவதென்றே புலப்படவில்லை. சப்ரகமுவத் தோட்டக் கதை எதற்கும் இக்காட்சி பொருந்தும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நோக்கலாம். ஜெயமோகனின் 'ரப்பர்' என்னும் நாவல் 1990இல் வந்தது. குமரி மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களே அதன் களம். அங்கே முதலாளி அயலூரார் அல்லர். பெருவட்டர் குடும்பம் ஊருக்குள்ளேயே வாழ்கிறது. ஆகவே நாவல் அக்குடும்பத்தின் எழுச்சியும் வீழ்ச்சியுமாக விரிகிறது. முதலாளிக்கு முகம் இருந்தால் அவருக்கு நோயும் மூப்பும் குற்றவுணர்வும் வந்துவிடுகின்றன. கதையில் அவரே பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கிறார். கேகாலையில் முதலாளிக்கு இவற்றுள் எதுவும் நேரவில்லை. அவர் இறந்தாலும் பங்குகள் கைமாறுமேயன்றிப் பிரட்டு ஒருநாளும் நிற்பதில்லை.

முகத்தை வெளிக்கொணரும் முயற்சி கதைகளைவிடத் தொழிற்சங்கங்களாலேயே மிகுதியும் நிகழ்ந்தது எனலாம். தோட்ட எல்லைக்குள் துரையோடு முடிந்துபோன முறையீடு, 1940இல் தோட்டத்துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏற்பட்ட ஏழு அம்ச உடன்படிக்கைக்குப் பின்னர் கொழும்புக்குப் போகலாயிற்று. பிற்காலத்தில் கூட்டு ஒப்பந்த மேசையின் மறுபுறத்தில் முதலாளிமார் சம்மேளனம் அமர்ந்தது. அது முகம் என்று சொல்வதற்கில்லை. குரல் என்று சொல்லலாம். செஸ்ற்றற்றனின் இருட்டறை மீண்டும் நினைவுக்கு வருகிறது.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தது. 1975இல் அது திருத்தப்பட்டபோது கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்கு வந்தன. இலண்டன் முதலாளி மறைந்தார். அவ்விடத்தில் இப்போது அரச கூட்டுத்தாபனம் இருந்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டு லயங்களை விட்டு ஓடியபோது, அத்தோட்டங்கள் பலவற்றின் உரிமையாளர் அரசேயாகும். தம் முதலாளியிடம் அடைக்கலம் தேடுவதாயின் அவர்கள் எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்? அக்கேள்வியை வைத்து ஒரு பெருநாவல் எழுதலாம்.

1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசுடையது, குத்தகை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனியுடையது, அக்கம்பனியின் பங்குகள் வேறொரு பெரிய நிறுவனத்துடையவை, ஏணி குட்டையாகவில்லை. பலாங்கொடை, கஹவத்தை, கேகாலை என்று ஊர்ப்பெயர் தாங்கிய கம்பனிகள் உருவாயின. அப்பெயர்களைக் கேட்பவருக்கு முதலாளி பக்கத்து ஊரிலேயே இருப்பதாகத் தோன்றும். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்பது கூட்டு ஒப்பந்தத்தால் அன்றிச் சம்பள நிர்ணய சபையின் தீர்மானத்தினாலேயே வந்தது.

அண்மைக் காலத்தில் சில கம்பனிகள் புதிய முறையொன்றையும் கையாளத் தொடங்கியுள்ளன. தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களிடம் ஒப்படைத்து, அவர்கள் பராமரித்துப் பறிக்கும் கொழுந்தைக் கம்பனி விலைக்கு வாங்கிக்கொள்கிறது. உரமும் மருந்தும் கடனாகக் கொடுக்கப்பட்டு, கொழுந்தின் விலையில் கழிக்கப்படுகின்றன. இம்முறையில் பெயரும் இல்லை, அரைப்பெயரும் இல்லை. பறிப்பவர் தமக்குத் தாமே முதலாளி என்று விளக்கமளிக்கப்படுகிறது. மாத முடிவில் அவர் கையில் வரும் சீட்டில் கொழுந்தின் நிறையும் கடனின் தொகையும் எழுதப்பட்டிருக்கின்றன.