பூனைக்குட்டி வாங்குமுன்...

ஊரிலே நாம் பூனையை விலைகொடுத்து வாங்கியதில்லை. அயல்வீட்டுப் பூனை குட்டி போட்டால், அதிலொன்று எமது குசினிக்குத் தானாகவே வந்து சேரும். அதன் தாயையும் பிறந்த இடத்தையும் நாம் அறிவோம்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. எனக்குத் தெரிந்த குடும்பமொன்று, விளம்பரத்தை நம்பிப் புகையிரத நிலைய வாசலில் ஒரு குட்டியை வாங்கியது. பத்தாம் நாள் அது இறந்தது. ஊரையும் உறவையும் பிரிந்து வந்த அவ்வீட்டுச் சிறுமிக்கு அது இன்னுமோர் இழப்பு.

ஆறு மாதத்திற்குக் குறைந்த குட்டிகளை, தாம் ஈனச் செய்து வளர்க்காத வியாபாரிகள் விற்பதற்கு இங்கு 2020 ஏப்ரல் 6 முதல் தடையுண்டு. ஆகவே, குட்டி பிறந்த வீட்டிற்கே சென்று தாயுடன் பாருங்கள். எட்டு வாரம் நிறைந்ததா, கண்ணும் மூக்கும் சுத்தமாயுள்ளனவா, தடுப்பூசிப் பதிவு உண்டா என்று கவனியுங்கள். வெளியிடத்தில் சந்திக்க அழைப்பவரைத் தவிருங்கள். இரக்கத்தால் வாங்கினாலும், அப்பணம் அவரது அடுத்த வியாபாரத்திற்கே முதலாகும்.

இதனிலும் நல்ல வழி காப்பகங்கள். 1824இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.சி.ஏ., 1927இல் தொடங்கிய கற்ஸ் புரொட்டெக்ஷன் போன்றவை, மிருக வைத்தியர் பரிசோதித்த பூனைகளை ஒரு கட்டணத்துடன் தருகின்றன. அவர்கள் எமது வீட்டு நிலையை விசாரிப்பதைக் குறையாக எண்ணவேண்டாம். அது பூனையின் நன்மைக்கே. வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதத்தை முன்னரே பெறுங்கள்.

2024 ஜூன் 10 முதல், இருபது வாரம் நிறையுமுன் பூனைக்கு மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயம். அப்பதிவை உங்கள் பெயருக்கு மாற்ற மறவாதீர்கள்.

ஆசைப்படும் பிள்ளையைச் சில வாரங்கள் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பொறுமையும் ஒரு பாடந்தானே.