வெடித்த கீசரைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

பழைய வீடுகளின் குளியலறையில் இருந்த செம்புப் பாய்லரில் நடுவே கரி எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர், மேலே ஒரு மூடி. எவ்வளவு கொதித்தாலும் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். கையைச் சுடும், கண்ணைக் கரிக்கும், வெடிக்காது. இன்று அதன் இடத்தில் சுவரில் தொங்கும் கீசர் நாலாபுறமும் அடைத்த பாத்திரம். உறைபனி மாதங்களில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும் பைக்காராவிலும், ஊட்டி, குன்னூர்ப் பக்கத்து வீடுகளிலும் அது ஆடம்பரப் பொருள் அல்ல. அந்தப் பாத்திரம் அளவு மீறிச் சூடாகி வெடித்து, குளியலறைச் சுவர் பிளந்தாலோ யாராவது வெந்துபோனாலோ, ‘கரண்ட் ஏறி இறங்கியிருக்கும்’, ‘நம்ம நேரம்’ என்று சொல்லிவிட்டு, சிதைந்ததை எடைக்குப் போட்டுவிடுகிறோம். அங்கேதான் நம் வழக்கையும் சேர்த்து எடைக்குப் போடுகிறோம். கீசர் சும்மா வெடிப்பதில்லை. அதற்குள் இருக்கும் காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தால்தான் வெடிக்கும். அவை ஏன் செயலிழந்தன என்று சொல்லக்கூடிய முதன்மைச் சாட்சி அந்தச் சிதைந்த தகரம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். 2,000 வாட் காயில் உள்ள 15 லிட்டர் கீசரில் 10 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வர ஏறக்குறைய 26 நிமிடம் ஆகும். அந்த இடத்தில் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். அப்போது இரண்டாவது காவலான கட்-அவுட் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதுவும் வேலை செய்யாவிட்டால் முக்கால் மணி நேரத்துக்குள் தண்ணீர் 93 டிகிரியைத் தொடும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய இந்தச் சூட்டில்தான். ஆனால் அடைத்த தொட்டிக்குள் அது கொதிக்காது. உள்ளே அழுத்தம் கூடக் கூட, 140 டிகிரியிலும் தண்ணீராகவே அடங்கிக் கிடக்கும். தொட்டி விரிசல் விடும் கணத்தில் அதில் ஒரு பங்கு நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். ஒரு சின்னக் குளியலறையில் அந்த இடம் எங்கே இருக்கிறது?

இதைத் தடுக்க மூன்றாவது காவல் ஒன்று உண்டு: தண்ணீர் உள்ளே வரும் குழாயில் பொருத்தும் அழுத்த வால்வு. நம் வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பொருள் இதுதான். 15 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாகும்போது கால் லிட்டர் அளவுக்கு விரிவடைகிறது. உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகாமல் அந்த வால்வே தடுப்பதால், அதிகமாகும் தண்ணீர் வால்வின் சிறு வாய் வழியே சொட்டும். சொட்டுவது பழுது அல்ல. வால்வு உயிரோடு இருக்கிறது என்பதற்கான அடையாளம். ஆனால் தரை நனைகிறதே என்று பிளம்பரைக் கூப்பிட்டு, அந்த வாயில் டம்மி போட்டு அடைத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த கீசர் தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் மட்டுமே நம்பி ஓடுகிறது. மலையில் இன்னொரு கவனமும் வேண்டும். வால்விலிருந்து ஒரு குழாயை மாட்டி வெளிச்சுவருக்கு நீட்டிவிட்டால், உறைபனி இரவில் அதன் முனையில் நிற்கும் சொட்டே உறைந்து வாயை அடைத்துவிடலாம். அந்தக் குழாய் கீழ்நோக்கிச் சரிந்து, திறந்த வாயோடு, பனி படாத இடத்தில் முடிய வேண்டும்.

‘மலையில் வோல்டேஜ் நிலையாக இருப்பதில்லை, கம்பெனியைக் குறை சொல்லி என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வோல்டேஜ் 230-லிருந்து 260-க்கு ஏறினால் அதே காயில் 2,550 வாட் இழுக்கும், தண்ணீர் சீக்கிரம் சூடாகும். அவ்வளவுதான். எந்தச் சூட்டில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வோல்டேஜ் அல்ல, தெர்மோஸ்டாட். மின்னல் இடித்துத் தெர்மோஸ்டாட்டின் முனைகளே ஒட்டிக்கொண்டன என்று வைத்துக்கொண்டாலும், அந்த நாளுக்காகத்தானே கட்-அவுட் இருக்கிறது? ஆக, வோல்டேஜைக் காரணம் காட்டுவது ஒரு காவல் தவறியதற்கு வேண்டுமானால் விளக்கமாகலாம். மற்ற இரண்டும் ஏன் தூங்கின என்பதற்குப் பதில் ஆகாது.

ஆலைகளில் இருக்கும் பாய்லர்களுக்கு அரசு கண்காணிப்பு உண்டு. கல்கத்தாவில் 1863-ல் நடந்த வெடிப்பில் உயிர்கள் போன பிறகுதான் மறு ஆண்டே வங்காளத்தில் அதற்கொரு சட்டம் வந்தது. பிறகு 1923-ஆம் ஆண்டுச் சட்டம், இப்போது அதன் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் பாய்லர் விபத்தில் தொழிலாளர்கள் இறந்தபோது, அதிகாரிகள் போனார்கள், விசாரணை நடந்தது. வீட்டுக் கீசர் இந்தச் சட்டத்துக்குள் வராது. 25 லிட்டருக்குக் குறைந்த கலனும், 100 டிகிரிக்குக் கீழே தண்ணீரைச் சூடாக்கும் கலனும் அதில் பாய்லர் ஆகா. கீசருக்கு உள்ள கட்டுப்பாடு விற்பனைக்கு முன்னால் மட்டும்தான்: ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சுவரில் மாட்டிய பிறகு எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்க மாட்டார், வெடித்தாலும் தானாக விசாரிக்க வர மாட்டார். அந்த வேலை நம் தலையில்தான் விழுகிறது.

அதற்கான கருவி 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதன் ஆறாம் அத்தியாயம், பொருளால் விளைந்த தீங்குக்குத் தயாரித்தவர், விற்றவர், பழுது பார்த்தவர் ஆகிய மூவரையும் பொறுப்பாக்குகிறது. உடல் காயம், உடைந்த சுவர், எரிந்த வயரிங், அதனால் வந்த மன உளைச்சல் எல்லாம் ‘தீங்கு’ என்பதில் அடங்கும். கீசரின் சொந்த விலை மட்டும் இதில் வராது; அதைக் குறைபாடுள்ள பொருள் என்று தனியாகக் கேட்க வேண்டும். வாங்கியவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான். குறைபாடு இருந்ததா என்பது சோதனை இல்லாமல் தெரியாது என்றால், ஆணையம் அந்தப் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டும். எனவே முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். நீர் சூடாக இருக்கும்போது குழாயையோ வால்வையோ திறக்காதீர்கள். வெந்த இடத்தில் மாவும் பேஸ்ட்டும் பூசாமல், ஓடும் குளிர்நீரை 20 நிமிடம் விடுங்கள், 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு எதையும் நகர்த்தாமல் படம் எடுங்கள். வரிசை எண் பொறித்த தகடு, வால்வின் வாய், கருகிய தெர்மோஸ்டாட் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். சிதறிய துண்டுகள் அனைத்தையும் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். ‘புது கீசர் தருகிறோம், பழையதைக் கொடுங்கள்’ என்று கம்பெனி ஆள் வந்தால், எழுத்தில் ஒப்புகை வாங்காமல் கொடுக்காதீர்கள்.

‘இதற்கெல்லாம் கோர்ட்டுக்கு யார் அலைவது?’ என்ற சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று அல்லது ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும் வழக்குகள் இழுக்கின்றன. ஆனால் செலவு என்ற பயம் தேவையற்றது. கட்டணம் கணக்கிடப்படுவது கேட்கும் இழப்பீட்டின் மேல் அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையின் மேல். அது ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி வேறு மாநிலத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இணையவழியிலும்கூட, மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தால் சில சமயம் அங்கேயே தீரும். வீட்டுக் காப்பீடு இருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். ‘பாரத் கிரஹ ரக்ஷா’ பாலிசி வெடிப்பையும், தண்ணீர்க் கலன்களும் குழாய்களும் வெடித்து வரும் சேதத்தையும் ஏற்கிறது.

வாடகை வீட்டில் நிலைமை சற்றுச் சிக்கலானது. ஊட்டி, குன்னூர் போன்ற நகரங்களில் வாடகைதாரர்கள் கவனிக்க வேண்டியது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அது கீசர் பழுதை வாடகைதாரர் தலையில் வைக்கிறது. வயரிங்கை வீட்டு உரிமையாளரிடம் விடுகிறது. பத்து ஆண்டுப் பழைய கீசரோடு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதன் பழுதைக் குடியிருப்பவர் பார்க்கட்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதை மாற்றிக்கொள்ள ஒரே வழி, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதுதான்.

கடைசியாக, பக்கத்துத் தெரு மெக்கானிக். அடிக்கடி துண்டிக்கிறதே என்று கட்-அவுட்டை ஒதுக்கி நேராக வயர் கொடுப்பவர் அவர். பல சமயம் அதைக் கேட்டு வாங்கியவர்கள் நாம். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ, விற்றவர் மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது சட்டம். கம்பெனியின் வாதமும் அங்கிருந்துதான் தொடங்கும். மெக்கானிக் தம் விருப்பத்துக்குச் செய்திருந்தால் பொறுப்பு அவருக்கும் உண்டு, ஆனால் அதை நிரூபிக்கக் கையில் காகிதம் வேண்டும். பழகிய ஆளிடம் பில் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். என்ன கழற்றினார், என்ன மாட்டினார், எந்தத் தேதியில் என்று மூன்று வரி எழுதி அவர் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டும் போதும். அதை கீசர் வாங்கிய ரசீதோடு சேர்த்து வையுங்கள்.