கரிசல் கைகள் – 14: எண்ணாமல் ஒட்டிய பெட்டி

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பேருந்து ஆமத்தூரைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மாவின் விரல்கள் நினைவுக்கு வரும். பெருவிரல் நகத்தோரம் காய்ந்த பசை எப்போதும் வெள்ளையாக இருக்கும். மதியச் சோறு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுவார். மெல்லிய மரத்தகட்டை மடித்து, நீலத்தாளைச் சுற்றி, ஒரு நீவு நீவிப் போட்டால் ஒரு பெட்டி. 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸுக்குத்தான்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் காலண்டரையும் பொங்கல் வாழ்த்து அட்டையையும் கொண்டுவந்தது. மழை பொய்க்கும் கரிசலில் காகிதமே வெள்ளாமை ஆனது. அதற்கு ஈடாகப் போனவை சின்னஞ்சிறு விரல்கள். பெரியம்மா எட்டு வயதில் குச்சி அடுக்க உட்கார்ந்தவர். தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் குழந்தைகளை அமர்த்தக் கூடாது என்ற சட்டம் 1938-இலேயே வந்தது; 1986-இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்தது. அவர் கைத்திறனைப் பாராட்டும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அந்த விரல்கள் எண்ணிக்கை இல்லாமல் வேலை பார்த்த நாட்கள் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வரும். கட்டிக்கொடுத்த மகளுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, அண்ணன் தம்பி வீடுகளுக்கு என்று பலகாரப் பெட்டி செய்வார். கடையில் இனிப்பு வாங்கினால் அட்டைப்பெட்டியையும் சேர்த்து நிறுத்து, அட்டைக்கும் இனிப்பு விலை வாங்குகிறார்கள் என்பது அவருக்குத் தீராத ஆதங்கம். எத்தனை வீட்டுக்கு அப்படி அழுவது? முறுக்கும் அதிரசமும் வீட்டில் சுட்டது. பெட்டி, போன வருஷக் காலண்டரின் அட்டை. செலவு என்று பார்த்தால் ஒரு கைப்பிடி மைதா.

அவர் செய்முறையை அப்படியே எழுதுகிறேன், விரும்புகிறவர்கள் செய்து பார்க்கலாம். மைதாவைப் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடி போல மாறும்; அப்போதே இறக்கிவிட வேண்டும். அட்டையில் நான்கு பக்கமும் நாலு விரல்கடை விட்டுக் கோடு கிழித்து, கத்தியால் பாதி ஆழத்துக்கு மட்டும் கீறி மடிக்க வேண்டும். முழுக்க அறுத்துவிட்டால் மூலை நிற்காது. நான்கு மூலைக்கும் பழைய சேலைக்கரையில் கிழித்த துண்டை ஒட்டி, நூல் சுற்றி, இரவு முழுக்க நிழலில் காயவிடுவார். வெயிலில் வைத்தால் அட்டை நெளிந்துகொள்ளும். மூடிக்குக் கால் விரல்கடை கூட்டி வெட்டினால் போதும்.

பூச்சி அரிக்காமலிருக்க பைண்டிங் பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். அது விஷம், தின்பண்டப் பெட்டிக்கு ஆகவே ஆகாது. அச்சடித்த பக்கம் பலகாரத்தில் படாமல் உள்ளே வாழையிலை விரிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் வீட்டுக்குள் பட்டாசுக்கான கருந்திரி திரித்து, வீட்டோடு போனவர்கள் உண்டு. வெடிமருந்துக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1884-இலிருந்து இருக்கிறது. கைவேலை தெரியும் என்ற தைரியத்தில் மருந்தைத் தொடாதீர்கள். கை நமக்குக் காகிதத்தோடு நிற்கட்டும்.

காகிதத்துக்கு முன்னால் இங்கே ஓலைதான். சாத்தூர்ச் சேவும் கருப்பட்டியும் ஓலைக் கொட்டானில் வந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். குருத்தோலையை நிழலில் உலர்த்திக் கிழித்து, முடையும் முன் தண்ணீரில் நனைத்தால் ஒடியாமல் வளைந்து கொடுக்கும். செட்டிநாட்டில் அருகிப்போயிருந்த கொட்டான் முடைதலை விசாலாட்சி ராமசாமி முன்னின்று மீட்டார்; இன்று அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. நம் பக்கம் பனை இருக்கிறது, முடையத் தெரிந்த பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

போன மாதம் பெரியம்மாவின் மகளான அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அக்கா பீரோவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். ஊசி, நூல், பித்தான் எல்லாம் அதற்குள்தான். மூடியின் உட்பக்கம் ஒரு தினசரிக் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. அக்காவின் மூத்த மகள் பிறந்த நாளின் தாள். பெரியம்மா அதைக் கிழித்து, தீபாவளி வரைக்கும் பத்திரமாக வைத்திருந்து ஒட்டியிருக்கிறார். தேதி பழுப்பேறி மங்கிவிட்டது. ராகு காலம் மட்டும் இன்னும் தெளிவாக வாசிக்க முடிகிறது.