உயிர்காக்கும் உடற்கூறு – 9: விலாவின் மேல்விளிம்பு

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, திருவண்ணாமலையைக் கடந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கீழ்பென்னாத்தூரை அடைகிறது. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் இந்த வட்டாரத்தில் நெஞ்சில் அடிபடும் வழிகள் ஊரின் அன்றாட வாழ்க்கையோடு பிணைந்தவை. இருசக்கர வண்டியின் கைப்பிடி மார்பில் மோதுவது, கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்பகுதியில் இரவு நேரத்தில் வண்டி இடிப்பது, தென்னையிலோ பனையிலோ ஏறியவர் தவறி விழுவது, கைப்பிடிச் சுவர் இல்லாத வயல் கிணற்றில் விழுவது, எருது விடும் விழாவில் கொம்பு பாய்வது ஆகிய ஒவ்வொன்றும் விலா எலும்புக் கூட்டை வெவ்வேறு விதமாகச் சிதைக்கிறது. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108 ஊர்தி அங்கே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகிறது என்று கொண்டால், நெஞ்சறைக்குள் காற்று அழுத்தத்தோடு அடைபட்டுவிட்ட ஒருவருக்கு அந்த அரை மணி நேரம் இல்லாமல் போகலாம். அத்தகையவரை முதலில் தொடும் மருத்துவர், படமோ கருவியோ துணைக்கு வருவதற்கு முன்பாகவே, தம் விரலால் கண்டறிய வேண்டிய உடற்கூறு எது என்பதே இந்தப் பகுதியின் பொருள்.

மருத்துவ மாணவர் முதலாண்டில் கற்கும் உடற்கூறும் அவசரப் பிரிவில் தேவைப்படும் உடற்கூறும் ஒரே உடலைப் பற்றியவை என்றாலும், அறிமுகமாகும் திசை வேறு. அறுத்தாய்வுக் கூடத்தில் தோலை நீக்கி, கொழுப்பை அகற்றி, தசையைப் பிரித்து உள்ளே செல்லச் செல்ல உறுப்புகள் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அங்கே ஃபார்மலினில் பதப்பட்ட நரம்பும் சிரையும் தமனியும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் அசைவற்றுக் கிடக்கின்றன, உதரவிதானம், அதாவது நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்திரை, ஒரே இடத்தில் நின்றுவிட்டிருக்கிறது. 2019இல் இந்திய மருத்துவப் படிப்பில் நடைமுறைக்கு வந்த திறன்வழிப் பாடத்திட்டம், அந்த உயிரற்ற உடலை மாணவரின் முதல் ஆசிரியராகப் போற்றக் கற்பிக்கிறது. அது முற்றிலும் சரியான மரியாதை. ஆனால் அவசரப் பிரிவில் தோல் மூடியே இருக்கிறது, உடல் மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது, வலியால் புரள்கிறது. ஆகவே தோலின் மேல் தென்படும் மேடு பள்ளங்களைக் கொண்டு உள்ளிருப்பதை உணரும் மேற்பரப்பு உடற்கூறு, பாடநூலில் சில பக்கங்களே பெற்றிருந்தாலும், இங்கே முதன்மை பெறுகிறது.

நெஞ்சைப் பொறுத்தவரை எல்லாம் எண்ணிக்கையில் தொடங்குகிறது. விலா எலும்புகள் 12 இணைகள். முதல் ஏழு இணைகள் தத்தம் குருத்தெலும்பால் நேராக மார்பெலும்பைச் சேர்கின்றன, அடுத்த மூன்றும் மேலுள்ளவற்றின் குருத்தெலும்போடு இணைந்துகொள்கின்றன, கடைசி இரண்டும் முன்பக்கம் எதையும் சேராமல் நிற்கின்றன. முதல் விலா காரை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால் அதிலிருந்து எண்ணத் தொடங்க முயல்வது தவறில் முடியும். தொண்டைக்குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை ஓட்டினால் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் கைப்பிடிப் பகுதியும் உடற்பகுதியும் கூடும் அந்த இடத்துக்கு லூயி கோணம் என்று பெயர், அதன் இரு பக்கமும் வந்து சேர்வது இரண்டாம் விலா. பருத்த உடலிலும் வீங்கிய உடலிலும்கூடப் பெரும்பாலும் இந்த மேடு விரலுக்கு அகப்படுகிறது என்பதால், நெஞ்சில் செய்யப்படும் ஒவ்வொரு அவசரச் செயலுக்கும் இதையே எல்லைக்கல்லாகக் கொள்ள வேண்டும். அதற்குக் கீழே இருப்பது இரண்டாம் விலாவிடைவெளி. அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணி இறங்கலாம்.

இரு விலாக்களுக்கு இடைப்பட்ட அந்தக் குறுகிய வெளியில் எல்லா இடமும் ஒன்றல்ல. ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் உட்புறமாக ஒரு வரிப்பள்ளம் உண்டு. அதில் மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு என்ற வரிசையில் மூன்றும் எலும்பின் காப்பில் ஓடுகின்றன. இவற்றில் தமனிகள் பெரும்பாலும் மகாதமனியிலிருந்தே நேராகக் கிளைப்பவை என்பதால், ஒன்று அறுந்தால் பாயும் குருதி சிறிதாக இராது. வரிசையில் கடைசியாக இருக்கும் நரம்புக்கு எலும்பின் காப்பு மிகக் குறைவு. அதனால்தான் ஊசியோ குழாயோ எப்போதும் கீழே உள்ள விலாவின் மேல்விளிம்பை உரசிக்கொண்டே உள்ளே போக வேண்டும் என்பது நெஞ்சுச் சிகிச்சையின் மாறாத விதி. கையில் பிடித்த கருவி முதலில் எலும்பில் முட்டி, அந்த எலும்பின் மேல் ஏறி, அதன் முதுகைத் தாண்டி உள்ளே இறங்குகிறது என்ற உணர்வு மருத்துவருக்குப் பழக்கமாகிவிட்டால் இருட்டிலும் கை தவறாது.

உள்ளே நடப்பதையும் இங்கே விளக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன, ஒன்று நுரையீரலோடும் மற்றொன்று நெஞ்சுச் சுவரோடும் ஒட்டியிருக்க, நடுவில் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் நிலவுவதால் நுரையீரல் விரிந்து நிற்கிறது. முறிந்த விலாவின் முனை நுரையீரலைக் கிழித்து, அந்தக் கிழிசல் ஒருவழிக் கதவுபோல் அமைந்துவிட்டால், ஒவ்வொரு மூச்சிலும் காற்று இந்த இடைவெளிக்குள் நுழைகிறது, திரும்ப வழியில்லை. அந்தப் பக்க நுரையீரல் சுருங்குவது முதல் இழப்பு; அதைவிடக் கொடியது, சேர்ந்த காற்று இதயத்தையும் பெருங்குழல்களையும் மறுபக்கம் தள்ளுவது. மெல்லிய சுவர் கொண்ட பெருஞ்சிரைகள் அழுந்தியும் வளைந்தும் போவதால் இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது, திரும்பாத குருதியை இதயம் வெளியே செலுத்த முடியாது, எனவே நாடி விரைந்து இரத்த அழுத்தம் வீழ்கிறது. கழுத்துச் சிரை புடைப்பதும் மூச்சுக்குழல் ஒருபக்கம் விலகுவதும் நூல்கள் கூறும் அடையாளங்களே எனினும், நிறையக் குருதி இழந்தவருக்குச் சிரை புடைக்காமலே இருக்கலாம், மூச்சுக்குழல் விலகுவது மிகவும் தாமதமாகவே தெரியலாம். இவ்விரண்டுக்காகவும் எக்ஸ்ரே படத்துக்காகவும் காத்திருப்பது உயிரைக் கொடுத்துக் காத்திருப்பதாகும்.

காத்திராமல் அறிய உதவுவது காதும் விரலும். 1761இல் வியன்னாவில் நெஞ்சைத் தட்டி நோயறியும் முறையை நூலாக வெளியிட்ட லியோபோல்ட் ஔன்புருக்கர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். மதுப்பீப்பாய் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைத் தட்டிக் கண்டறியும் வழக்கத்திலிருந்து அவருக்கு இந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் கைக்கு இந்தக் கலை அந்நியமானதல்ல. காற்று அடைத்த பக்கம் வெற்றுப் பானைபோல் ஒலிக்கும், குருதி தேங்கிய பக்கம் மந்தமாக ஒலிக்கும், இரண்டிலும் மூச்சொலி குறையும். ஆட்கள் கூச்சலிடும் அவசரப் பிரிவில் ஒலி வேறுபாடு கேட்காமல் போகலாம் என்பதால், தட்டும் விரலின் அடியில் உணரும் அதிர்வையும் மருத்துவர் பழகிக்கொள்வது நல்லது.

அடைபட்ட காற்றை ஊசியால் வெளியேற்றும் இடம் எது என்பதில் அண்மையில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. நெடுங்காலமாக, காரை எலும்பின் நடுவிலிருந்து கீழே இறங்கும் கோட்டில் இரண்டாம் விலாவிடைவெளியே விதிக்கப்பட்டிருந்தது. அங்கே மார்புப் பெருந்தசை தடித்திருப்பதால் வழக்கமான 5 சென்டிமீட்டர் ஊசி பலருக்கு நெஞ்சறையை எட்டுவதில்லை. மேலும் அவசரத்தில் அந்த நடுக்கோட்டை மருத்துவர்கள் உட்புறமாகத் தள்ளிக் குறித்துவிடுவது ஆய்வுகளில் தெரியவந்தது, உட்புறமாகச் சென்றாலோ மார்பெலும்பின் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடைக்கும் குறைவான தொலைவில் இறங்கும் உள்மார்புத் தமனி காத்திருக்கிறது. ஆகவே 2018இல் வெளிவந்த மேம்பட்ட விபத்து உயிர்காப்புப் பயிற்சியின் பத்தாம் பதிப்பு, வயதுவந்தோருக்கு நான்காம் அல்லது ஐந்தாம் விலாவிடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஊசியைச் செலுத்தப் பரிந்துரைத்து, குழந்தைகளுக்குப் பழைய இடத்தையே வைத்துக்கொண்டது.

இந்தப் பயிற்சி எங்கே பிறந்தது என்பது கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களுக்குப் பொருள் உள்ள செய்தி. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், பிள்ளைகள் படுகாயமுற்றனர், அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை தாம் காயம்பட்ட வயலில் செய்ய முடிந்ததைவிடக் குறைவானது என்று அவர் மனம் நொந்தார். பெருநகரத்து வல்லுநருக்காக இல்லாமல், தனியாக இரவுப் பணியில் இருக்கும் சிற்றூர் மருத்துவருக்காகவே 1978இல் முதல் பயிற்சி வகுப்பு நடந்தது. உலகெங்கும் பரவிய பின்னரும் அதன் இயல்பான மாணவர் அந்தச் சிற்றூர் மருத்துவரே. தமிழ்நாட்டில் ‘தாய்’ என்ற பெயரில் அறியப்படும் விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டமும், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டமும் ஊர்தியையும் படுக்கையையும் பணத்தையும் ஏற்பாடு செய்துவிட்டன. விலாவை எண்ணும் விரலை மட்டும் எந்தத் திட்டமும் தானாக உண்டாக்கித் தராது, அதைத் திரும்பத் திரும்பப் பழக்கியே பெற வேண்டும்.

ஊசி தற்காலிக வழி. அதைத் தொடர்ந்து குழாய் வைக்க வேண்டும். அதற்கான இடம் பாதுகாப்பு முக்கோணம் எனப்படுகிறது: முன்னெல்லை மார்புப் பெருந்தசையின் வெளிவிளிம்பு, பின்னெல்லை முதுகின் அகலத்தசையின் முன்விளிம்பு, கீழெல்லை முலைக்காம்பு மட்டத்தில் ஓடும் கோடு, மேல்முனை அக்குளுக்குச் சற்றுக் கீழ். பெண்களுக்கு முலைக்காம்பின் நிலை மாறக்கூடும் என்பதால் மார்பின் அடிமடிப்பைக் கொள்வதே நம்பத்தக்கது. இந்த முக்கோணத்தில் தசை மெல்லியது, பெருங்குழல் எதுவும் இல்லை. ஆனால் நடு அக்குள் கோட்டை ஒட்டி நீள்மார்பு நரம்பு இறங்குகிறது, அது வெட்டுப்பட்டால் தோள்பட்டை எலும்பை விலாக்கூட்டோடு அணைத்து வைக்கும் தசை செயலிழந்து, முதுகில் சிறகுபோல் எலும்பு துருத்தும், கையைத் தலைக்கு மேல் தூக்குவது கடினமாகும். உயிர் பிழைத்த உழவருக்கு அது வாழ்நாள் இழப்பு என்பதால், கோட்டுக்கு முன்னால் நிற்பது வெறும் நுணுக்கம் ஆகாது.

அளவைப் பற்றி ஒரு சொல். தமிழ் மருத்துவ மரபு உடலை அவரவர் விரற்கடையாலேயே அளந்தது; எண்சாண் உடம்பு என்ற வழக்கும் அவரவர் சாணையே குறிக்கிறது, வர்மப் புள்ளிகளும் அவ்வாறே குறிக்கப்பட்டன. இன்றைய அவசர மருத்துவமும் இரண்டு விரல், நான்கு விரல் என்றே பேசுகிறது, ஆனால் யாருடைய விரல் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஆறடி உயர மருத்துவரின் நான்கு விரல் பத்து வயதுச் சிறுமியின் நெஞ்சில் எத்தனை விலாக்களைத் தாண்டிவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், நோயாளியின் கையையே அளவுகோலாகக் கொள்ளும் பழைய முறையின் அறிவு புலப்படும்.

பாதுகாப்பு முக்கோணத்தின் கீழெல்லையைத் தாண்டக் கூடாது என்பதற்கான காரணம் உதரவிதானத்தில் இருக்கிறது. மூச்சை முழுவதும் வெளிவிடும்போது அதன் வலக் குவடு நான்காம் விலாவிடைவெளி வரையிலும் இடக் குவடு ஐந்தாம் விலாவிடைவெளி வரையிலும் உயர்ந்துவிடுகிறது. ஆகையால் தாழ்வாக வைத்த குழாய் வலப்பக்கம் கல்லீரலையும் இடப்பக்கம் மண்ணீரலையும் துளைக்கலாம். இதே காரணத்தால் முலைக்காம்பு மட்டத்துக்குக் கீழே கொம்பு பாய்ந்த காயம் நெஞ்சைச் சேர்ந்ததா வயிற்றைச் சேர்ந்ததா என்று தோலைப் பார்த்துச் சொல்ல இயலாது. மண்ணீரல் இடப்பக்கம் 9, 10, 11ஆம் விலாக்களின் அடியில் பதுங்கியிருப்பதால், அந்த விலாக்கள் முறிந்திருந்தால் வயிற்றுக்குள் குருதி கசிவதாகவே முதலில் ஐயுற வேண்டும். குழந்தைகளுக்கு விலா வளைந்துகொடுக்கும், எளிதில் முறியாது. முறிவே இல்லாமல் நுரையீரல் நசுங்கியிருக்கலாம்.

அடிபட்டவர் இதையெல்லாம் ‘அள்ளையில் குத்துகிறது’ என்ற ஒரே தொடரில் சொல்லிவிடுகிறார். அக்குளுக்குக் கீழிருந்து இடுப்புக்கு மேல்வரை உள்ள பக்கத்தையெல்லாம் அள்ளை என்ற சொல் தழுவிக்கொள்கிறது. நெஞ்சறையும் வயிற்றறையும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கும் அதே பகுதியை மக்கள் வழக்கு ஒரு பெயரில் அழைப்பது கவனிக்கத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், உடற்கூறியலைத் தமிழிலேயே நூலாக்கி, அதற்கு அங்காதிபாதம் என்று பெயரிட்டு, அறுபதுக்கும் மேற்பட்ட தமிழரை மருத்துவராக்கினார். நோயாளி பேசும் மொழியிலேயே மருத்துவர் உடலை எண்ண வேண்டும் என்ற அவருடைய நம்பிக்கை, செவிலியரும் 108 ஊர்தியின் அவசர மருத்துவ உதவியாளரும் அதே மொழியில் காயத்தை விவரிக்கும் இன்றைய இரவுப் பணியிலும் பொருந்துகிறது.

குழாய் சரியான இடத்தில் அமர்ந்த பின் அதன் வழியே வருவதை அளப்பது அடுத்த கடமை. ஒரு பக்க நெஞ்சறை, உடலின் ஏறத்தாழ 5 லிட்டர் குருதியில் கணிசமான பங்கை வெளியே ஒரு துளி தெரியாமல் உள்வாங்கிக்கொள்ளக் கூடியது. குழாய் வைத்த உடனே 1,500 மில்லிலிட்டர் குருதி வந்தாலோ, அடுத்த சில மணி நேரங்களுக்கு மணிக்கு 200 மில்லிலிட்டருக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தாலோ, நெஞ்சைத் திறந்து அறுவை செய்யும் வசதி உள்ள இடம் தேவை. கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கே திருவண்ணாமலை, கிழக்கே செஞ்சியைக் கடந்து முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி என்ற இரு திசைகளில், எங்கே அறுவை மருத்துவர் அந்த நேரம் ஆயத்தமாக இருக்கிறார் என்பதைத் தொலைபேசியில் உறுதிசெய்த பின்பே ஊர்தி புறப்பட வேண்டும். அனுப்பும் சீட்டில் குழாய் வைத்த பக்கமும், விலாவிடைவெளியின் எண்ணும், வைத்த மணியும், அதுவரை வந்த குருதியின் அளவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழாய் கட்டிய புட்டி ஊர்தியில் நோயாளியின் நெஞ்சைவிடத் தாழ்வாக நிற்க வேண்டும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதை அவர் மடிமேல் தூக்கி வைக்கக் கூடாது.

(தொடரும்)